திங்கட்கிழமை அம்மாவுக்குக் கொலோனோஸ்கோபி: அந்த 2 லிட்டர் மருந்தை எப்படிக் குடிக்க வைப்பது?

உசிலை_மைந்தன் | செவ்வாய், இரவு 9:12

அம்மாவுக்கு 67 வயது. மூன்று மாதமாக ஒரே அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. இரும்புச் சத்து மாத்திரை எழுதிய எங்கள் ஊர் டாக்டர், "இந்த வயதில் ரத்தம் குறைந்தால் எங்காவது கசிகிறதா என்று குடலைப் பார்க்காமல் விடக் கூடாது" என்று மதுரைக்கு அனுப்பினார். திங்கள் காலை 10 மணிக்கு வாய் வழியாகவும் கீழ் வழியாகவும் இரண்டு கேமராச் சோதனையும் ஒரே நாளில்.

ஆஸ்பத்திரியில் ஒரு பவுடர் பாக்கெட்டும், பாதி எழுத்து அழிந்துபோன ஆங்கில ஜெராக்ஸ் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். "2 லிட்டர் தண்ணீரில் கரைத்து முந்தின நாள் மாலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் குடித்து முடிக்கவும்." அவ்வளவுதான். என்ன சாப்பிடலாம், எந்த மாத்திரையை நிறுத்துவது, ஒன்றும் இல்லை. அம்மா ஒரு நாள் முழுக்க ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாலே அது பெரிய நாள். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம், மதுரை போக ஒரு மணி நேரம் ஆகும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மொட்டைமாடி | செவ்வாய், இரவு 9:40

சகோ, நான் இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்துகொண்டவன். இரண்டாவது தடவைக்குக் காரணம் முதல் தடவை நான் செய்த திருட்டுத்தனம். கடைசி இரண்டு டம்ளரை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, வீட்டில் கேட்டபோது குடித்துவிட்டேன் என்றேன். முந்தின நாள் மத்தியானம் ஒரு கல்யாணச் சாப்பாடு வேறு. கூட்டு, அவியல், கீரை வடை என்று இலையில் ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் மயக்கம் தெளிந்து எழுந்தால் டாக்டர், "உள்ளே ஒன்றும் தெரியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன், சுத்தம் செய்துகொண்டு மறுபடி வாருங்கள்" என்கிறார். கட்டிய பணம் போச்சு, லீவு போச்சு. வாஷ்பேசினில் ஊற்றிய அரை லிட்டருக்காக மறுபடி முழு 2 லிட்டரையும் குடித்தேன். "மலம் நிறைந்துள்ளது, பரிசோதனை முழுமையடையவில்லை" என்று ரிப்போர்ட்டில் இருந்ததை என் வீட்டம்மா வரவேற்பறையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அதனால் அம்மா குடிக்கும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருங்கள்.


எண்டோ_சிஸ்டர் | செவ்வாய், இரவு 10:25

தம்பி, நான் கோவையில் எண்டோஸ்கோபி யூனிட்டில் பல வருடமாக நர்ஸ். பவுடர் கதைக்கு அப்புறம் வருவோம். முதலில் மூன்று கேள்வி. இரும்பு மாத்திரை இன்னும் போகிறதா? சுகருக்கும் பிரஷருக்கும் என்னென்ன மாத்திரை? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறார்களா?

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகி, தார் மாதிரி குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை லிட்டர் குடித்தாலும் சரியாகப் போகாது. ஐந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வோம். நாளைக்கே டாக்டரிடம் போன் செய்து கேளுங்கள்.

//மாலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் குடித்து முடிக்கவும்//

இது பழைய முறை. இப்போது இரண்டாகப் பிரித்துத்தான் கொடுக்கிறோம். பாதி முந்தின நாள் மாலை, மீதிப் பாதி சோதனை அன்று விடியற்காலை. சோதனைக்குச் சுமார் ஐந்து மணி நேரம் முன்பு இரண்டாவது பாதியைத் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். அதன் பிறகு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது, மயக்க ஊசி போடுவார்கள். நீங்களாக மாற்ற வேண்டாம், ஆஸ்பத்திரியில் கேட்டு அவர்கள் சரி என்றால் மாற்றுங்கள்.


உசிலை_மைந்தன் | புதன், காலை 6:50

அக்கா, இரும்பு மாத்திரை நேற்று இரவுகூடப் போட்டார்கள்! இன்றோடு நிறுத்தக் கேட்கிறேன். மற்றபடி மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின், பிரஷருக்கு டெல்மிசார்டன். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

விடியற்காலையில் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் எப்படிப் பயணம் போவது? நடுவழியில் வந்துவிட்டால்?


வார்டு_நம்பர்_7 | புதன், பிற்பகல் 1:15

குடல் இரைப்பைப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர் நான். இங்கே சொல்வது பொதுவான விஷயம், உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

டாபாகிளிஃப்ளோசினை முதலில் கேளுங்கள். பட்டினி கிடக்கும் நேரத்தில் இந்த மாத்திரை உள்ளே இருந்தால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். சுகர் அளவு சாதாரணமாகவே காட்டும், அதனால் ஏமாந்துவிடுவோம். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்தும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அறிவித்தது. கொலோனோஸ்கோபிக்கும் பல இடங்களில் அதையே பின்பற்றுகிறார்கள். கிளிமிபிரைடு வேறு வகை. சாப்பாடு இல்லாத நாளில் போட்டால் சுகர் விழுந்துவிடும். மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் இரண்டையும் பேதியாகும் நாளில் என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா? ஞாயிறன்று மூன்று நான்கு தடவையாவது பாருங்கள். 70க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அந்த நாளில் சர்க்கரைத் தண்ணீர் சுகர்காரருக்கும் மருந்துதான்.

இரண்டாகப் பிரிப்பது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மாலையிலேயே முழுவதும் குடித்துச் சுத்தமாகிவிட்டாலும், இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தமும் கோழையும் இறங்கிக்கொண்டே இருக்கும். அது முதலில் வந்து சேர்வது பெருங்குடலின் வலப்பக்கத் தொடக்கத்தில். காலையில் பார்த்தால் அங்கே பசை தடவியது போல ஒரு படலம். வலப்பக்கத்தில் வரும் பாலிப்புகளில் (குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி) சில தட்டையாக, சுவரோடு சுவராக இருக்கும். அந்தப் படலத்துக்கு அடியில் இருந்தால் கேமரா மேலேயே கடந்து போனாலும் தெரியாது. விடியற்காலைப் பாதி கழுவுவது அந்தப் பகுதியைத்தான்.

இன்னொன்று. மெடிக்கல் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். எங்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.


மரச்செக்கு | புதன், மாலை 4:02

அந்தக் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவார்கள். ஒரு டம்ளர் எண்ணெயில் முடிகிற வேலைக்கு 2 லிட்டர் கெமிக்கல் எதற்கு? கம்பெனிக்காரன் பிழைக்க வேண்டாமா?


பனங்காடு | புதன், மாலை 5:30

மரச்செக்கு அண்ணே, எனக்கும் ஆச்சி விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறாள். மூக்கைப் பிடித்துத் தொண்டையில் ஊற்றி, முதுகில் ஒரு தட்டு. ஆனால் அது வயிற்றை இளக்குவதற்கு. கேமரா வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சுத்தம் செய்வது வேறு வேலை இல்லையா?

நாட்டு மருந்து என்றால் எங்கள் ஊரில் நிலாவாரை. சாத்தான்குளம் பக்கம் தேரி ஓரத்தில் விளையும். வெளிநாட்டு மருந்துச் சந்தையில் அதற்கு 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். அமெரிக்காவில் மலச்சிக்கலுக்குச் சென்னா மாத்திரை வாங்குபவர் வயிற்றில் எங்கள் மாவட்டத்து இலை போயிருக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.


வார்டு_நம்பர்_7 | புதன், இரவு 8:10

பனங்காடு சொல்வது சரி. சென்னாவைக் குடல் சுத்தத்துக்குத் துணை மருந்தாகப் பல நாடுகளில் இன்றும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் வருடக்கணக்கில் தினமும் நிலாவாரைப் பொடி சாப்பிடுபவரின் பெருங்குடலைப் பார்த்தால் உள்சுவர் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், நடுநடுவே சிறுத்தைத் தோல் மாதிரி புள்ளிகள். அதனால் கெடுதல் இல்லை, நிறுத்தினால் மெல்ல மறைந்துவிடும். அவர் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சாதித்தாலும் குடல் சொல்லிக் கொடுத்துவிடும்.

விளக்கெண்ணெய் குடலைப் பிசைந்து தள்ளும், முறுக்கு வலி வரும். நீங்கள் 'கெமிக்கல்' என்று சொல்லும் பவுடர் பாலிஎத்திலீன் கிளைகால், சுருக்கமாகப் பெக். அது குடலைப் பிசைவதில்லை. உடம்புக்குள் உறிஞ்சப்படாமல், தான் பிடித்து வைத்த தண்ணீரோடு அப்படியே கீழே இறங்கிவிடும். கூடவே உப்புகளைச் சரியான அளவில் சேர்த்திருப்பதால் உடம்பிலிருந்து தண்ணீரையும் அதிகம் இழுக்காது, உடம்புக்குள்ளும் அதிகம் ஏற்றாது. அதனால்தான் சிறுநீரகம், இதயம் பலவீனமானவர்களுக்குக்கூட முதலில் இதைத் தேடுகிறோம். 2 லிட்டர் குடிக்க வேண்டியிருப்பதும் அதே காரணத்தால்தான். உடம்பு தன் தண்ணீரைக் கொடுக்காது, நாம்தான் கொடுக்க வேண்டும்.


உசிலை_மைந்தன் | வியாழன், காலை 7:20

டாக்டரிடம் பேசிவிட்டேன். இரும்பு மாத்திரை நிறுத்தியாச்சு. டாபாகிளிஃப்ளோசின் இன்றோடு நிறுத்தம். மற்றதை நாள்வாரியாக எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் "லைட்டாகச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்கிறார். எங்கள் வீட்டில் லைட் என்றால் கேப்பைக் கூழும் கீரைக் கடைசலும்தான். சரியா?


எண்டோ_சிஸ்டர் | வியாழன், காலை 9:45

ஐயோ, இரண்டுமே ஆகாது!

'லைட்' என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. உடம்புக்கு நல்லது என்று நாம் நினைப்பதெல்லாம் இந்த மூன்று நாளைக்கு எதிரி. கேழ்வரகு, கம்பு, கீரை, முருங்கைக்காய், வெண்டைக்காய், கொய்யா, சுண்டல், தேங்காய்த் துருவல் எதுவும் வேண்டாம். வெறும் வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், மோர், தோல் சீவிய உருளைக்கிழங்கு, முட்டை, மீன். சத்தே இல்லாத சாப்பாடு என்று மாமியார்கள் திட்டுவார்களே, அதுதான் வேண்டும். ஒரு நாள் இப்படிச் சாப்பிட்டால் போதும் என்று இப்போது சொல்கிறார்கள், ஆனால் சுகர் உள்ளவர்களுக்குக் குடல் மெதுவாக நகரும். மூன்று நாள் இருக்கட்டும்.

எந்தத் தாளிலும் இல்லாத ஒன்று சொல்கிறேன். தாளிப்பு. கடுகு, சீரகம், கறிவேப்பிலை, மிளகாய் விதை, தக்காளித் தோல். இவை செரிக்காது. திரையில் பெரிதாகத் தெரியும்போது கறிவேப்பிலை முழு இலையாக மிதந்து வரும். உறிஞ்சு குழாயில் கடுகும் தக்காளி விதையும் போய் அடைத்துக்கொண்டால் நடுவில் நிறுத்திக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அவ்வளவு நேரமும் நோயாளி மயக்கத்தில் படுத்திருப்பார். ஆகவே தாளிக்காமல் சமையுங்கள். சர்பத்தில் சப்ஜா விதை போட்டுக் குடித்துவிட்டு வந்த ஒருவரை எங்கள் யூனிட்டில் இன்றும் பேசுகிறோம்.

ஞாயிறு காலை இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. அதன் பிறகு தெளிந்த நீர் ஆகாரம் மட்டும். டம்ளரில் ஊற்றினால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. இளநீர், பால் இல்லாத டீ, காப்பி, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், அடியைக் கலக்காமல் மேலாக இறுத்து வடிகட்டிய ரசம். பால், மோர், கஞ்சி கிடையாது. சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம். ரோஸ் சர்பத், திராட்சை ஜூஸ் எல்லாம் உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும்.


வெள்ளவத்தை | வியாழன், இரவு 7:55

கொழும்பில் என்ர அப்பாவுக்குப் போன வருசம் செய்தது. நாங்கள் பிளேன்டீ எண்டு சொல்லுற பால் இல்லாத தேத்தண்ணி நாள் முழுக்கக் குடுத்தோம், இஞ்சி தட்டிப் போட்டு வடிச்சு. அவருக்கு அது பழக்கம் எண்டபடியால் பட்டினி மாதிரியே தெரியேல்லை. செவ்விளநி குடுக்கப் போனபோது நர்ஸ் தடுத்தவ, அப்பாவுக்குக் கிட்னிப் பிரச்சினை இருக்கு, இளநியில் பொட்டாசியம் கூட எண்டு சொன்னவ. உங்கட அம்மாவுக்குக் கிட்னி எப்படி எண்டு பார்த்துவிட்டு இளநி குடுங்கோ.


உசிலை_மைந்தன் | வியாழன், இரவு 9:30

நன்றி அண்ணா. கிரியேட்டினின் 0.9, பரவாயில்லை என்றார்கள்.

அம்மாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கறிவேப்பிலை மிதந்து வரும் இடத்தில் சிரித்தார். அப்புறம் "யாருடா பக்கத்தில் இருப்பது, நீயா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.


தெம்பனிஸ்_அக்கா | வெள்ளி, காலை 8:05

தம்பி, அந்தக் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. எனக்கு இங்கே சிங்கப்பூரில் 52 வயதில் செய்தார்கள். இங்கே 50 வயதானால் வருடம் ஒரு தடவை வீட்டிலேயே மலத்தைத் தொட்டு அனுப்பும் கிட் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதில் எனக்கு ரத்தம் இருப்பதாக வந்தது. என் மகன் பாசமானவன், ஆனால் நான் பாத்ரூமுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே நின்று "என்ன கலர்மா?" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அக்காவோ தங்கையோ இருந்தால் ஒரு நாள் வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அத்தை.

நிறத்தை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு வழி உண்டு. மூன்று கண்ணாடி டம்ளரில் காப்பி, பருப்புத் தண்ணீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் ஊற்றி வையுங்கள். எந்த டம்ளர் மாதிரி போகிறது என்று விரலைக் காட்டினால் போதும். எலுமிச்சை ஜூஸ் மாதிரி மஞ்சளாக, அடியில் ஒன்றும் தங்காமல் போக வேண்டும். வெறும் வெள்ளைத் தண்ணீராகவே ஆக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், பித்தத்தின் மஞ்சள் இருக்கத்தான் செய்யும்.

மருந்தை ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகு ஸ்டிராவில் குடிக்கட்டும், ஸ்டிரா நாக்கின் பின்பக்கம் போகட்டும். ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவில் எலுமிச்சைத் துண்டை ஒரு நக்கு. முதல் தடவை போவதற்கு முன்பே பின்புறம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பயனில்லை. பத்துத் தடவை கழுவினால் தோல் என்ன ஆகும்! தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.


உசிலை_மைந்தன் | வெள்ளி, இரவு 9:10

டம்ளர் யோசனைக்குக் கோடி நன்றி அக்கா. தங்கை திருமங்கலத்திலிருந்து வருகிறாள். மதுரையில் பெரியம்மா வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம், ஞாயிறு மத்தியானமே அங்கே போய்விடுகிறோம். பயணப் பிரச்சினை தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இரண்டாகப் பிரித்துக் குடிக்கலாமா என்று கேட்டேன். "தாராளமாக, நாங்களே அப்படித்தான் சொல்கிறோம், தாள் பழசு" என்றார்கள். தாளை மாற்ற ஒரு ஜெராக்ஸ் செலவுதானே!

பெரியம்மா போனில், "மருந்து கசந்தால் நன்னாரி சர்பத்தைக் கலந்துவிடலாம், நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டால் குழந்தைகூடக் குடிக்கும்" என்கிறார். கலக்கலாமா?


பழைய_பேப்பர் | வெள்ளி, இரவு 10:48

கலக்காதீர்கள். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது.

1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்ற இரண்டு டாக்டர்களும் வளையும் குழாயை உள்ளே விட்டுப் பாலிப்பைக் கம்பிச் சுருக்கால் எடுக்கத் தொடங்கியபோது, குடலைச் சுத்தம் செய்ய நல்ல வழி இல்லை. நாள்கணக்கில் நீர் ஆகாரம், விளக்கெண்ணெய், எனிமா மேல் எனிமா. குடிக்கச் சுலபமாக இனிப்பாக இருக்கிறதே என்று மானிட்டால் என்ற சர்க்கரைச் சரக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகப் பேதியானது. ஆனால் மானிட்டாலைக் குடலில் உள்ள பாக்டீரியா தின்று ஹைட்ரஜன் வாயுவாக மாற்றும். அந்த வாயு நிறைந்த குடலில் மின்சாரக் கம்பியால் பாலிப்பைச் சுட்டு எடுக்கும்போது பொறி பட்டால் என்ன ஆகும்? வெடித்தது. நோயாளி இறந்துபோன அந்தச் சம்பவம் 1979இல் மருத்துவ இதழில் வந்தது. அடுத்த வருடமே, 1980இல், ஜான் ஃபோர்ட்ரானின் குழு பெக் கரைசலை வெளியிட்டது. பாக்டீரியாவுக்குத் தீனி ஆகாத, உறிஞ்சப்படாத பொருள். இன்று உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் அதன் வாரிசு.

நாலு ஸ்பூன் சர்க்கரையால் யாரும் வெடித்துவிட மாட்டார்கள், பெரியம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் கரைசலில் உப்பும் தண்ணீரும் ஒரு கணக்கில் இருக்கின்றன, சர்க்கரை சேர்ந்தால் அந்தக் கணக்கு கெட்டு உடம்பு உப்பை உறிஞ்சும். நன்னாரியின் நிறம் வேறு. மருந்தில் தண்ணீரைத் தவிர எதுவும் சேராது. சர்க்கரைத் தண்ணீர் தனியாக, வேறு நேரத்தில்.


கம்பம்_பள்ளத்தாக்கு | சனி, காலை 10:20

குறுக்கே ஒரு கேள்வி. என் மாமாவுக்குச் சில வருடம் முன்பு 45 மில்லி சின்ன பாட்டில்தான் கொடுத்தார்கள். தண்ணீரில் கலந்து இரண்டு வேளை, முடிந்தது. இவ்வளவு கஷ்டம் இல்லையே. அதையே கேட்டு வாங்கினால் என்ன?


வார்டு_நம்பர்_7 | சனி, பிற்பகல் 2:35

அது சோடியம் பாஸ்பேட். குடிக்கச் சுலபம், சுத்தமும் நன்றாக ஆகும். ஆனால் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியேற்றித்தான் வேலை செய்யும். பாஸ்பேட் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிந்து, சிலருக்குச் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டது. 2008இல் அமெரிக்காவில் இந்த வகைக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டார்கள். வயதானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ வலி மாத்திரையோ சாப்பிடுபவர் இவர்களுக்கெல்லாம் ஆபத்து அதிகம். உசிலை_மைந்தனின் அம்மா இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறார். உங்கள் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல சேதி, ஆனால் கேட்டு வாங்காதீர்கள்.


உசிலை_மைந்தன் | ஞாயிறு, மாலை 6:20

பெரியம்மா வீட்டிலிருந்து. 2 லிட்டரையும் கரைத்து, ஒரு லிட்டர் ஃபிரிட்ஜில் நாளைக்கு. 6 மணிக்கு முதல் டம்ளர். "சோப்புத் தண்ணீரில் உப்புப் போட்ட மாதிரி இருக்கிறது" என்றார். சுகர் 132.


உசிலை_மைந்தன் | ஞாயிறு, இரவு 7:05

மூன்றாவது டம்ளரில் குமட்டல். இனிமேல் முடியாது என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். இன்னும் வெளிக்குப் போகவே இல்லை, வயிறு மட்டும் பானை மாதிரி. யாராவது இருக்கிறீர்களா?


எண்டோ_சிஸ்டர் | ஞாயிறு, இரவு 7:09

இருக்கிறேன். வாந்தி இல்லையே? அரை மணி நேரம் நிறுத்துங்கள். படுக்க விடாதீர்கள், கூடத்திலேயே மெதுவாக நடக்கட்டும். வாந்திக்கு மாத்திரை கொடுத்திருந்தால் போடுங்கள். அப்புறம் பாதிப் பாதி டம்ளராக. இப்போது குடிப்பதுதான் கீழே தள்ளும், அது வெளியே வந்துவிட்டால் குமட்டல் தானாகக் குறையும். வாந்தி நிற்காமல் வந்தாலோ, வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலோ குடிப்பதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.


உசிலை_மைந்தன் | ஞாயிறு, இரவு 7:48

நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி ஓடினார். தங்கை பின்னாலேயே.


மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 7:50

வாழ்த்துகள்.


உசிலை_மைந்தன் | ஞாயிறு, இரவு 10:35

நாலு டம்ளரும் முடிந்தது. இதுவரை ஆறு தடவை. அம்மா இப்போது இரண்டாவது டம்ளரைக் காட்டுகிறார், பருப்புத் தண்ணீர். பாத்ரூமுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு அதிலேயே உட்கார்ந்திருக்கிறார். சுகர் 94, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம்.


எண்டோ_சிஸ்டர் | ஞாயிறு, இரவு 10:41

நாற்காலி நல்லது. இரவில் விளக்கை அணைக்காதீர்கள், பாத்ரூம் தரையைத் துடைத்து வையுங்கள், உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம். பேதியாகிக் களைத்தவர் அவசரமாக எழுந்து தலைசுற்றி விழுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் கொடுக்காதீர்கள், இளநீர், ரசம் என்று மாற்றி மாற்றி. காலையில் ஐந்துக்கு அலாரம். அவர் வேண்டாம் என்பார். இரவே சுத்தமாகிவிட்டது என்று சத்தியம் செய்வார். அப்போதும் குடிக்க வேண்டும்.


உசிலை_மைந்தன் | திங்கள், காலை 7:25

அப்படியேதான் சொன்னார், "எல்லாம் போய்விட்டது, குடலே வெளியே வந்துவிடும் போலிருக்கிறது" என்று. தங்கை கெஞ்சிக் குடிக்க வைத்தாள். 7 மணிக்கு முடிந்தது. இப்போது எலுமிச்சை ஜூஸ். கிளம்புகிறோம்.


உசிலை_மைந்தன் | திங்கள், இரவு 8:15

வீட்டுக்கு வந்துவிட்டோம். சோதனை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை, "எப்போது ஆரம்பிப்பார்கள்?" என்று கேட்டுக்கொண்டே கண் விழித்தார்.

ரிப்போர்ட்டில் குடல் சுத்தத்துக்குப் பாஸ்டன் மதிப்பெண் 8 என்று போட்டிருக்கிறது. பெருங்குடலை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று மார்க்காம், மொத்தம் 9. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இரண்டு மார்க் வாங்கினால் பாஸ். பத்தாம் வகுப்பில்கூட நான் இந்தச் சதவீதம் வாங்கியதில்லை.

வலப்பக்கத்தில் 6 மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பாலிப் இருந்தது, சூடு வைக்காமல் கம்பியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு ரத்தம் குறைய அது காரணமாக இருக்காது என்றார் டாக்டர். காரணம் மேலே, இரைப்பையில். வரிசையாகப் புண். "வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தார். முழங்கால் வலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வருடமாகத் தினமும் போட்டு வந்திருக்கிறார். மாத்திரை இருந்த இடம், அரிசிப் பானைக்குப் பின்னால். புதன்கிழமையே வார்டு_நம்பர்_7 கேட்கச் சொன்னார். கேட்டேன். "ஒன்றும் இல்லை" என்றார்.


வார்டு_நம்பர்_7 | திங்கள், இரவு 9:02

எல்லா அம்மாக்களும் அப்படித்தான். பாலிப் பரிசோதனை முடிவு வந்ததும், அடுத்த கொலோனோஸ்கோபி எத்தனை வருடம் கழித்து என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புண்ணிலிருந்து எடுத்த சதையில் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் தனியாக மருந்து உண்டு.


எண்டோ_சிஸ்டர் | திங்கள், இரவு 9:20

பாஸ்டன் 8க்குத் தங்கைக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரை ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு, குறைவுதான், ஆனால் உண்டு. சிவப்பாகவோ கறுப்பாகவோ போனாலும், வயிறு வலித்துக் காய்ச்சல் வந்தாலும் உடனே கூட்டிப்போங்கள். இங்கேதான் சிக்கல்: இரும்பு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால் அதுவும் கறுப்பாகத்தான் போகும். எது எதனால் என்று தெரியாது. என்றைக்கு ஆரம்பிப்பது என்று கேட்டீர்களா? மயக்க ஊசி போட்டதால் நாளை வரை தனியாக வெளியே விட வேண்டாம்.


உசிலை_மைந்தன் | திங்கள், இரவு 9:55

கேட்கவில்லை அக்கா, காலையில் போன் செய்து கேட்கிறேன்.

அம்மா இப்போதுதான் சாப்பிட்டார். ரசம் சோறு. கடுகு, கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தாளிக்க வேண்டும் என்று அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டார். மருந்து கரைத்த 2 லிட்டர் ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். அதில் இனிமேல் இந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாதாம், செடிக்கு ஊற்ற வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.